பனிக்கு அடியில் உறங்கும் பொசம்

மலைப் பிக்மி பொசம் என்ற சின்னஞ்சிறு பைப்பாலூட்டியை 1966 வரை அறிவியலாளர்கள் புதைபடிவமாக மட்டுமே அறிந்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆஸ்திரேலியாவின் வொம்பியன் குகைப் பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கண்டு அந்த இனத்துக்குப் பெயரிட்டவர் புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் புரூம். அற்றுப்போன இனம் என்றே எல்லோரும் எண்ணியிருக்க, விக்டோரியா மாநிலத்தின் ஹோத்தம் மலையில், பனிச்சறுக்கு விளையாட வருவோர் தங்கும் விடுதிக்குள் உயிரோடு ஒன்று அகப்பட்டது.

எடை ஏறக்குறைய 45 கிராம். கங்காருவின் தூரத்து உறவு. தாயின் வயிற்றுப் பையில் நான்கு குட்டிகள் வரை வளரும். சாம்பல் கலந்த பழுப்பு ரோமம், உடலைவிட நீண்ட வால். வாயைத் திறந்து பார்த்தால்தான் வியப்பு: முன்கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் பெரிதாக, வரிவரியான பள்ளங்களுடன் ரம்பம்போல நிற்கும். கடினமான விதைகளை உடைப்பதும் பூச்சிகளின் ஓட்டைப் பிளப்பதும் அந்தப் பல்தான்.

விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மலையுச்சிகளில் உள்ள பாறைக் குவியல்களின் இடுக்குகளே இதன் வீடு. குளிர்காலத்தில் அங்கேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உடல் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். அவ்வளவு குளிர்ந்தும் அது உறைந்துபோகாததற்குக் காரணம், தலைக்கு மேல் கிடக்கும் பனிதான். பனித்துகள்களுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளியே கடுங்குளிர் வீசினாலும், பாறை இடுக்கு உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி ஒரு கம்பளிப் போர்வை. போர்வை மெலிந்தால், உறையாமல் இருப்பதற்காகவே பொசம் தன் கொழுப்பை எரிக்க வேண்டியிருக்கும். இடையில் விழித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கொழுப்பு கரையும். வெயில் நாடான ஆஸ்திரேலியாவில் பனியை நம்பி உயிர் வாழும் பாலூட்டி இது. புவி வெப்பமாதல் இதற்கு எவ்வளவு கொடியது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பனி முன்கூட்டியே உருகினால் இன்னொரு இடர். பசியோடு எழும் பொசத்துக்கு முக்கிய இரை போகோங் அந்துப்பூச்சி. கோடையைக் குளிர்ந்த பாறைப் பிளவுகளில் கழிக்க, சமவெளிகளிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வசந்தத்தில் மலைக்கு வந்துசேரும் பூச்சி அது. பூச்சி வருமுன் பொசம் விழித்துவிட்டால் பட்டினிதான். 2017-க்குப் பின் வறட்சியால் பூச்சி வரத்தே சரிந்தபோது, பல தாய்களின் பையிலிருந்த குட்டிகள் இறந்தன.

நகர விளக்குகளும் இந்தப் பூச்சிகளை வழிதிருப்பிவிடுகின்றன. அதனால் அவை பறக்கும் வசந்த மாதங்களில், வீட்டுக்கு வெளியே தேவையற்ற விளக்குகளை அணைத்து வைக்கும்படி விக்டோரியாவின் விலங்குக்காட்சிச் சாலைகள் மக்களைக் கேட்டுக்கொள்கின்றன.