பேட்டரி பொக்லைன் வருவதற்கு முன் சைட் கரண்டைச் சரி செய்யுங்கள்

கட்டுமான சைட்டில் கரண்டில் ஓடும் இயந்திரம் ஒன்றும் புதிதல்ல. டவர் கிரேன், ஹாய்ஸ்ட், கம்பி வளைக்கும் மெஷின் எல்லாம் வெகுகாலமாக அப்படித்தான் ஓடுகின்றன. டீசலை விடாமல் இருந்தவை பொக்லைன், ரோலர், டிப்பர், கான்கிரீட் லாரி. இப்போது அவையும் மாறத் தொடங்கிவிட்டன. 2019-இல் ஓஸ்லோ நகரின் மையத்தில் ஒரு தெருவைச் சீரமைத்தபோது பொக்லைனையே மின்சாரத்தில் ஓட்டினார்கள். நம் பக்கத்தில் கோவையின் புரொப்பெல் நிறுவனம் மின்சார டிப்பர் தயாரிக்கிறது.

சைட் பாதுகாப்பைப் பார்க்கும் வேலையில் இருக்கும் நான் இதை மனதார வரவேற்கிறேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது. பேஸ்மென்ட் குழிக்குள் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய பொக்லைன் ஓடும்போது, துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு மண் அள்ளும் சித்தாளைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் பேட்டரி வண்டியை எங்கே சார்ஜ் போடப் போகிறோம்? சின்ன சைட்டுகளில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். பிளக் இல்லாமல் வயர் முனையைச் சீவி, சாக்கெட்டில் நுழைத்து, தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். டேப் சுற்றிய ஜாயின்ட் சேற்றில் கிடக்கும். எர்த் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் டிரில்லிங் மெஷினை ஓட்டுவதே ஆபத்து. 200 யூனிட் பிடிக்கும் பேட்டரியை எட்டு மணி நேரத்தில் ஏற்றவே 25 கிலோவாட் லோடு வேண்டும், ஒரு மணி நேரத்தில் ஏற்ற நினைத்தால் 200 கிலோவாட்!

இபி லோடு போதாவிட்டால் டிஜி செட்டில், அதாவது டீசல் ஜெனரேட்டரில், ஏற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு டிஜியில் மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். அந்த 200 யூனிட்டுக்கு அறுபது லிட்டர் எரிக்க வேண்டும். புகை இடம் மாறியதுதான் மிச்சம். அந்த டிஜியும் பெரும்பாலும் தொழிலாளர் கொட்டகையை ஒட்டித்தான் நிற்கும்.

சார்ஜருக்கென்று தனி லைன், தனி எர்த், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போடும் சாதாரண ஆர்சிசிபி இங்கே போதாது. சார்ஜரிலிருந்து டிசி (நேர்மின்னோட்டம்) கசிந்தால் அது ட்ரிப் ஆகாமலே போகலாம். சார்ஜர் தயாரிப்பாளர் எந்த வகை கேட்கிறாரோ, பெரும்பாலும் டிசி கசிவையும் பிடிக்கும் டைப் பி, அதையே போடச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் இதில் பேரம் வேண்டாம்.

அடுத்தது சத்தம். டீசல் வண்டி சும்மா நின்றாலும் உறுமும், அதைக் கேட்டே ஆட்கள் ஒதுங்குவார்கள். பேட்டரி பொக்லைன் ஆனில் இருக்கும்போதே அணைத்து வைத்ததுபோல் நிற்கும். ஹெல்பர் நம்பிப் பின்பக்கமாகக் குறுக்கே போவார், அந்த நொடியில் ஆபரேட்டர் லீவரைத் தொட்டால் பின்பாகம் சுழன்று அடித்துவிடும். அதனால் வண்டி சுழலும் வட்டத்தைச் சுற்றித் தடுப்பு கட்டுங்கள், ஆனில் இருப்பதைக் காட்டும் விளக்கு மாட்டுங்கள், சிக்னல் மேன் இல்லாமல் வேலை தொடங்க விடாதீர்கள். புதிய வண்டி இறங்கும் நாளில் ஆபரேட்டருக்கு மட்டுமல்ல, சித்தாள் வரை எல்லோருக்கும் அதை ஓட்டிக் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் குழிக்குள் வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அப்படி மூழ்கினால் சார்ஜ் போடாமல், கொட்டகையிலிருந்து தள்ளி நிறுத்தி, கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். தீப்பிடித்தால் மணல் வாளியை நம்பி அருகில் போகாதீர்கள். எல்லோரையும் விலக்கிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

அப்புறம், வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று. சார்ஜர் யாருடையது, கரண்ட் பில் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். லோடு கேட்டு விண்ணப்பித்து, தேவைப்பட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து முடிக்க நாளாகும். அந்த விண்ணப்பத்தை மண் வேலைக்கு ஆள் பேசும்போதே கொடுத்துவிட வேண்டும்.