இரண்டு இழைகளும் அறுந்தால்

மார்பகப் புற்றுநோய்க்கு ஒரே அளவில் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தோல் இலேசாகச் சிவப்பதோடு நின்றுவிடுவதும், மற்றவருக்கு உரிந்து புண்ணாகிவிடுவதும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பதுதான். இங்கே சிங்கப்பூரில் சிகிச்சை பெற்ற என் அத்தை இரண்டாம் வகையினர். "என் உடம்பிலேயே ஏதோ குறை இருக்கிறதா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடினால், உயிரணுக்களின் உட்கருவுக்குள் இடைவிடாமல் நடக்கும் செப்பனிடும் வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸ் கதிர்கள் டிஎன்ஏ இழைகளை நேராகவும் தாக்குகின்றன. உயிரணுவில் உள்ள நீரைச் சிதைத்து, அதில் பிறக்கும் வினைவேகம் மிக்க துகள்களின் வழியாகவும் தாக்குகின்றன. 1 கிரே (திசு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் பட்டால் ஓர் உயிரணுவில் ஏறக்குறைய 1,000 இடங்களில் ஓர் இழை மட்டும் அறுகிறது. சுமார் 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுகின்றன. ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்து டிஎன்ஏவின் எழுத்துகளை, அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் வேதி அலகுகளை, நிரப்பிவிடலாம் என்பதால், எக்ஸ்ஆர்சிசி1 என்ற புரதம் கூட்டிவரும் நொதிகள் அந்த வேலையை விரைவாக முடித்துவிடுகின்றன. இரண்டும் அறுந்தால் பார்த்து எழுத எதிர் இழை இல்லை. அப்போது கேயூ என்ற புரதம் வளையம்போல முனைகளைப் பற்றிக்கொள்ள, ஆர்ட்டெமிஸ் என்ற நொதி பிசிறுகளைக் கத்தரிக்க, லைகேஸ்4 இரு முனைகளையும் ஒட்டுகிறது. இதில் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். டிஎன்ஏ ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டிருந்தால், பிஆர்சிஏ2 போன்ற புரதங்களின் உதவியோடு அந்த நகலைப் பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்யவும் வழி உண்டு. முறிவு நேர்ந்ததை அறிந்து, உயிரணு பிரிவதை நிறுத்திவைக்கும் காவலாளியாக இருப்பது ஏடிஎம் புரதம்.

கதிரியக்கச் சிகிச்சையே இந்தச் செப்பனிடும் திறனை நம்பித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. மொத்த அளவையும் ஒரே நாளில் செலுத்தாமல், வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், இடைப்பட்ட நேரத்தில் நல்ல திசு தன் முறிவுகளில் பெரும்பாலானவற்றை ஒட்டிக்கொள்ளும் என்பதே. அந்த வேலை தாமதப்பட்டாலோ தவறினாலோ, மற்றவர் தாங்கும் அளவு ஒருவருக்குத் தாங்காததாகிவிடுகிறது.

அதன் கொடிய வடிவம் அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற அரிய பரம்பரை நோய். தாய்வழி, தந்தைவழி என ஏடிஎம் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதான இந்தக் குழந்தைகளுக்கு, காரணம் தெரியாத காலத்தில் புற்றுநோய்க்காக வழக்கமான அளவு கதிர் கொடுக்கப்பட்டபோது, கடுமையான திசுச் சிதைவும் மரணமும் நேர்ந்தன. அவர்களுடைய உயிரணுக்கள் கதிரில் எளிதில் மடிவதை 1975இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். 11ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நூற்றில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காக அவர்களுக்குக் கதிரியக்கச் சிகிச்சையை மறுப்பதில்லை.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பவை இத்தகைய பழுதுகள் அல்ல, ஓர் எழுத்து மாறிய சாதாரண வேறுபாடுகள். எக்ஸ்ஆர்சிசி1 புரதத்தின் 399ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வருவது அவற்றில் ஒன்று. சில நூறு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இவற்றைப் பக்கவிளைவுகளோடு தொடர்புபடுத்தின. ஆனால் 2012இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, சுமார் 1,600 பேரிடம் 46 மரபணுக்களின் 92 வேறுபாடுகளைச் சோதித்தபோது அந்தத் தொடர்புகளில் எதுவும் உறுதிப்படவில்லை. இந்தத் துறையில் ஆகப் பயனுள்ள முடிவு இதுதான் என்பேன். ஏனெனில் சிறிய ஆய்வுகளை நம்பிச் சிகிச்சையைக் குறைத்திருந்தால் புற்றுநோய் திரும்பியிருக்கக்கூடும். பின்னர் 5,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏடிஎம் மரபணுவின் ஒரு வேறுபாடு மட்டும் சற்றே கூடுதலான பக்கவிளைவுகளோடு ஒத்துவந்தது.

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை. ஒரு வேறுபாடு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். எனவே சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு முக்கியமானது. அதில் 1,127 பேர் இந்தியர்கள். பக்கவிளைவுகளைப் பற்றிய ஆய்வு அதுவன்று. ஆயினும் எந்த வேறுபாடு நம்மிடையே அரிது, எது பரவலானது என்று தெரியாமல் அத்தகைய ஆய்வைத் தொடங்க இயலாது.

அத்தைக்கு மரபணுச் சோதனை தேவையென்று மருத்துவர்கள் கருதவில்லை. மார்பின் அளவு, மடிப்புகளில் கதிர் சேரும் விதம், புகைப்பழக்கம் ஆகியவையும் தோல் புண்ணாவதைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினார்கள். சிகிச்சை முடிந்த சில வாரங்களில், மேல்தோலின் அடியடுக்கில் தப்பியிருந்த மூல உயிரணுக்கள் பெருகிப் புதுத் தோலால் புண்ணை மூடின.