குளவிக் கூட்டிலிருந்து ஈ வந்தது எப்படி?

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் நிலைக்கதவில் குளவி மண்கூடு கட்டியது. 'கலைக்காதே, வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது' என்றார் அப்பத்தா. கடைசியில் கூட்டைத் துளைத்துக்கொண்டு கறுப்பு இறக்கை ஈ ஒன்று வந்தது. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்களே, இது எப்படி?"

புழு குளவியாவதில்லை. கூட்டுக்குள் மயங்கிக் கிடக்கும் பச்சைப்புழு, குளவிக் குஞ்சுக்குத் தாய் வைத்துவிட்டுப் போன கட்டுச்சோறு. அதைத் தின்று கொழுத்த குஞ்சைத் தின்ன வந்ததுதான் ஈ. இதன் குடும்பப் பெயர் பாம்பிலிடே. பாம்புக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உலகில் ஏறத்தாழ 5,000 வகைகள். குளவிக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு. கொட்டவும் தெரியாது.

போன தை மாதம் பிரான்மலை ஏறும்போது ஒன்றைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பொன்னிற மயிர், இடுப்பில் வெள்ளைப் பட்டை, இறக்கையில் பாதி மை தோய்ந்த கறுப்பு, மீதி கண்ணாடி. பாறை இடுக்கில் கிடந்த பொடிமணலில் பின்புறத்தை அழுத்தி ஆட்டிக்கொண்டிருந்தது. சரி, ஏதோ அடிபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடிபடவில்லை, மணல் அள்ளிக்கொண்டிருந்தது! பெண் ஈயின் வயிற்று நுனியில் சின்னதாக ஓர் அறை. அதில் மணலை நிரப்பிக்கொள்ளும். முட்டை அந்த அறைக்குள் விழுந்து, தேங்காய்ப்பூவில் புரட்டிய உருண்டை மாதிரி மணல் பூசிக்கொள்ளும். அப்புறம் மண்ணில் வளை தோண்டும் தேனீ அல்லது குளவியின் வாசலுக்கு நேரே அந்தரத்தில் நின்று, வயிற்றை ஒரு சுண்டு சுண்டி முட்டையை எறியும். உள்ளே போக வேண்டியதில்லை, அவற்றிடம் மாட்ட வேண்டியதுமில்லை. குறி தப்புவதும் உண்டு. கறுப்பாகத் தெரியும் எந்தத் துளையைக் கண்டாலும் ஏமாந்து வீசிவிடும். பூசிய மணல் முட்டைக்குக் கனம் தரும், காயாமல் காக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

  

முட்டையிலிருந்து வருவது நூல்போன்ற புழு. ஊர்ந்து கூட்டுக்குள் புகுந்து, குஞ்சு கொழுக்கும்வரை காத்திருக்கும். பிறகு தோலுரித்துக் குண்டாகி, அதை உறிஞ்சிவிடும். கூட்டுப்புழுவானதும் அதன் தலையில் முட்கள் இருக்கும். திருகித் திருகி மண்சுவரைக் குடைவது அவற்றால்தான். உங்கள் நிலைக்கதவில் அந்தத் துளையை ஒருமுறை பாருங்கள். ஈ கழற்றிப்போட்ட காய்ந்த சட்டை, பாதி வெளியே நீட்டியபடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.