உறைந்த திரைக்குப் பின்னால் காத்திருக்கும் கெர்னல்

நானே மாற்றி எழுதிய ஒரு லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), விர்ச்சுவல் மெஷினில், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினியில், பூட் ஆகும்போது பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஏன் நிற்கிறது என்று பார்க்க கெர்னல் டிபக்கிங்கை, அதாவது கெர்னலை நிறுத்தி உள்ளே பார்க்கும் வசதியை, இயக்கினேன். அதற்குப் பிறகு அது பாதிவரைகூடப் போகவில்லை. பூட் மெனு வந்து மறைந்ததும் திரை கறுத்து, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்காமல் நின்றது. நோயைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்த கருவியே நோயைக் கூட்டிவிட்டதுபோல இருந்தது. கெர்னல் டிபக்கிங்கைத் தொடுகிற பலரும் முதல் சில நாட்களிலேயே இந்தத் திரையைப் பார்த்துவிடுகிறார்கள்.

பார்த்ததும் கை தானாகப் போவது மெஷினை அணைத்து மறுபடி இயக்கத்தான். அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். உறைந்து நிற்கிற அந்த மெஷின்தான் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி. உறைந்த கெர்னல் அனேகமாக எப்போதுமே எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கும். டிபக்கரின் பதிலுக்காக இருக்கலாம், வராத இன்டரப்டுக்காக (கருவிகள் சிபியூவுக்கு அனுப்பும் அழைப்பு) இருக்கலாம், இல்லாத ஒரு கருவிக்காகக்கூட இருக்கலாம். அது யாருக்காக நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், இதற்கு எதற்கு இரண்டு மெஷின்கள்? சாதாரண நிரலை டிபக் செய்யும்போது, அந்த நிரல் நின்றாலும் அதைச் சுற்றியிருக்கும் இயங்குதளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிபக்கர் திரையில் எழுதவும், விசைப்பலகையைப் படிக்கவும், கோப்பைத் திறக்கவும் கெர்னல் உதவுகிறது. கெர்னலையே நிறுத்திவிட்டால் இந்த உதவியெல்லாம் போய்விடும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான். அதனால் நிறுத்தப்படும் கெர்னல் ஒரு மெஷினிலும், அதைப் பார்க்கும் டிபக்கர் இன்னொன்றிலும் இருக்கும். நடுவில் ஒரு கம்பி. விர்ச்சுவல் மெஷின் வந்தபிறகு இரண்டுமே ஒரே கணினிக்குள் அடங்கிவிட்டன. கம்பியும் மென்பொருளாகிவிட்டது.

அந்தக் கம்பி பெரும்பாலும் சீரியல் போர்ட்தான், பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய இணைப்பு. இவ்வளவு பழைய பொருளை இன்னும் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. நெட்வொர்க் கார்டை இயக்க நினைவகம், இன்டரப்ட், பெரிய டிரைவர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். சீரியல் போர்ட்டுக்கு அவை எதுவும் வேண்டாம். ஒரு முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் போய்விடும். பக்கத்து முகவரியில் ஒரு பிட்டைப் பார்த்தால் பதில் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கெர்னல் கண் விழித்த சில கணங்களிலேயே இதைச் செய்ய முடியும். வேகம் மட்டும் குறைவு. நிஜக் கம்பியில் நொடிக்கு 1,15,200 பிட் என்று வைத்தால், ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட் ஆகும். ஆக நொடிக்கு 11,520 பைட்.

அந்தக் கம்பியில் போகும் பேச்சு மிக எளிமையானது. ரெஜிஸ்டர்களையெல்லாம் (சிபியூவின் உள்ளே இருக்கும் சிறு நினைவிடங்கள்) காட்டு என்று ஜிடிபி என்ற டிபக்கர் கேட்க வேண்டுமானால், ஒரு டாலர் குறி, ஜி என்ற சிறிய எழுத்து, ஒரு ஹேஷ் குறி, பிறகு 67 என்று அனுப்பும். அந்த 67 சரிபார்ப்பு எண். ஜி எழுத்தின் பதினாறடிமானக் குறியீடே 67 என்பதால் கூட்டலும் அதுவேதான். செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தால் எதிர்ப்பக்கம் ஒரு பிளஸ் குறியை அனுப்பிவிட்டுப் பதிலைச் சொல்லும். அவ்வளவுதான் உரையாடல். ஒரு பக்கம் பேசாவிட்டால் மறுபக்கம் காத்திருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

என் முதல் உறைதல் இங்கேதான் பிறந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள் கேஜிடிபி என்ற டிபக்கர் பகுதி 2008இல், 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. பூட் வரியில் (தொடக்கத்தில் கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) கேஜிடிபி-வெயிட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், கெர்னல் பூட்டின் நடுவில் தானே நின்று, வெளியிலிருந்து டிபக்கர் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கும். விண்டோஸிலும் இப்படி ஒன்று உண்டு. பூட்டின் தொடக்கத்திலேயே நிற்கும்படி அமைத்துவிட்டால், டிபக்கரில் ஜி என்று அடித்துத் தொடரச் சொல்லும்வரை திரை அப்படியே கிடக்கும். மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுவார்கள். அது சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருக்கும்.

நான் டிபக்கரை இணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் பதிலில்லை. என் விர்ச்சுவல் மெஷினில் இரண்டு சீரியல் போர்ட்கள் இருந்தன. முதலாவது டிபக்கருக்கு, இரண்டாவது கெர்னலின் செய்திகளை ஒரு கோப்பில் பதிவதற்கு. செட்டிங் ஜன்னலில் போர்ட் 1, போர்ட் 2 என்று பெயர். லினக்ஸோ சீரியல் போர்ட்களை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். பதிவுக்கான வரியை ஒரு பழைய, சரியான அமைப்பிலிருந்து நகலெடுத்திருந்தேன். டிபக்கருக்கான வரியை ஜன்னலைப் பார்த்து எழுதினேன். இரண்டு வரியிலும் எண் 1. அதாவது இரண்டுமே இரண்டாவது போர்ட். கெர்னல் கோப்போடு பேசிக்கொண்டிருந்தது, டிபக்கர் ஆளில்லாத போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது அதன் கடைசி வரி, ஜிடிபி இணைவதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னது. அதை முதல் நாளே திறந்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலையில்தான் திறந்தேன்.

இதைவிட விரைவான தடயம் ஒன்று உண்டு. ஹோஸ்ட் கணினியில் (விர்ச்சுவல் மெஷின் ஓடும் நிஜக் கணினி), அந்த விர்ச்சுவல் மெஷின் எவ்வளவு சிபியூவை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஒரு கோர் முழுக்க 100 சதவீதத்தில் ஓடினால், கெர்னல் ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டிபக்கருக்காகக் காத்திருக்கும் கேஜிடிபியும் இப்படித்தான், பைட் வந்ததா வந்ததா என்று ஓயாமல் போர்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்றால் கதை வேறு. ஒன்று, விர்ச்சுவல் மெஷினை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரே மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறது. இல்லையென்றால், கெர்னல் சிபியூவைத் தூங்கவிட்டு ஏதோ ஒரு இன்டரப்ட் எழுப்பும் என்று நம்பியிருக்கிறது, அந்த இன்டரப்ட் வரவே இல்லை. ஜன்னலே திறக்கவில்லை என்றால் இன்னும் முன்னால் பாருங்கள். சீரியல் போர்ட்டை நெட்வொர்க் சாக்கெட்டாக அமைத்து, மறுமுனை இணையும்வரை மெஷினைத் தொடங்காதே என்று சொல்லியிருப்பீர்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் செக்யூர் பூட்டையும் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) பார்த்துக்கொள்ளுங்கள். அது இயங்கும்போது டிபக் அமைப்பை மாற்றவே விடாது.

சரி, எண்ணைத் திருத்தினேன், டிபக்கர் இணைந்தது, தொடரச் சொன்னேன். கெர்னல் ஓடி, பழைய இடத்தில் மறுபடி உறைந்தது. இந்த முறை டிபக்கரும் பேசவில்லை. கேஜிடிபி கெர்னலுக்குள்ளேயே வாழ்கிறது. கெர்னல் ஒத்துழைத்தால்தான் அதனால் பேச முடியும். மாட்டிக்கொண்ட கெர்னலை அதன் உள்ளிருந்தே விசாரிப்பது கடினம். இங்கேதான் விர்ச்சுவல் மெஷினின் அருமை தெரிகிறது. நிஜக் கணினியில் விலையுயர்ந்த வன்பொருள் கருவிகளால் செய்ததை, இங்கே ஹைப்பர்வைசர் சும்மாவே செய்கிறது.

ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட க்யூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்குள் ஒரு ஜிடிபி வாயில் உண்டு, வழக்கமாக 1234 என்ற நெட்வொர்க் போர்ட் எண்ணில். ஜிடிபி அதில் இணையும்போது பேசுவது உள்ளே இருக்கும் கெர்னலோடு அல்ல, அந்த சிபியூவையே வைத்திருக்கும் ஹைப்பர்வைசரோடு. கெர்னலுக்கு இது தெரியவே தெரியாது. அது எந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தாலும் நிறுத்தி, ரெஜிஸ்டர்களைப் படித்து, எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். வேண்டுமானால் சிபியூவின் முதல் கட்டளைக்கும் முன்பே மெஷினை நிறுத்திவைக்கலாம்.

ஆனால் அவ்வளவு முன்னால் நிறுத்தும்போது ஒரு சிக்கல் வரும், பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். பிரேக்பாயின்ட் (இந்த இடம் வந்ததும் நில் என்ற குறி) வைத்திருப்போம், கெர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடிவிடும். சாதாரண பிரேக்பாயின்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். எக்ஸ்86 சிபியூவில் டிபக்கர் நாம் சொன்ன இடத்தில் இருக்கும் ஒரு பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அங்கே 204 என்ற மதிப்பை எழுதுகிறது. அந்த பைட்டை சிபியூ அடைந்தால் பொறியில் விழும். ஆனால் முதல் கட்டளையின்போது கெர்னல் நினைவகத்தில் இன்னும் வந்து உட்காரவில்லை, சுருக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. பொறி வைத்த இடத்தின்மேல் பிறகு கெர்னல் விரிந்து அமர்கிறது, நம் 204 அழிந்துபோகிறது. சில சமயம் அந்த முகவரியே அப்போது இருக்காது, டிபக்கர் எழுத முடியவில்லை என்று முறையிடும்.

இதற்கு வன்பொருள் பிரேக்பாயின்ட்தான் வழி. எக்ஸ்86 சிபியூக்களில் இதற்கென்றே நான்கு முகவரி ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன, 386 காலத்திலிருந்து. முகவரி ரெஜிஸ்டரில் இருப்பதால் நினைவகத்தை யார் அழித்தாலும் கவலையில்லை. நான்குதான் என்பதால் சிக்கனமாக வைக்க வேண்டும். நான் ஒன்றை, கெர்னலின் முக்கியத் தொடக்கமான ஸ்டார்ட்-கெர்னல் செயற்கூற்றில் வைப்பேன். அங்கே நின்றபிறகு மற்றதெல்லாம் சாதாரண பிரேக்பாயின்ட்களே போதும்.

அதுவும் பிடிக்கவில்லையா? அப்படியானால் முகவரியே தவறாக இருக்கும். பாதுகாப்புக்காகக் கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் தன்னை வேறு வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறது. எக்ஸ்86 லினக்ஸில் 2014இல் வந்த இந்த வசதி, 2017இல் வந்த 4.12 பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. டிபக்கரிடம் இருக்கும் குறியீட்டுக் கோப்பிலோ பழைய முகவரிகள்தான். பூட் வரியில் இந்த இடமாற்றத்தை நிறுத்தும் நோ-கேஏஎஸ்எல்ஆர் என்ற சொல்லைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். அப்புறம், மெஷினுக்கு ஒரே ஒரு சிபியூ கொடுங்கள். நான்கு சிபியூ இருந்தால் ஒன்று மாட்டிக்கொள்ள, மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கலாம். எதை முதலில் விசாரிப்பது என்றே தெரியாது.

இன்னொன்று, டிபக்கரில் நீண்ட நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தால், சிபியூ பல நொடிகள் மாட்டிக்கொண்டதாகக் கெர்னல் எச்சரிக்கைகள் கொட்டும். நாம் தேநீர் குடித்த நேரத்தைத்தான் அது சொல்கிறது. புதுக் கோளாறு என்று அதன் பின்னால் போக வேண்டாம்.

என் கெர்னலுக்கு வருவோம். உறைந்த நிலையில் இணைத்து நிறுத்தினேன், எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு தொடரவிட்டேன், இரண்டு நொடி கழித்து மறுபடி நிறுத்தினேன். இப்படி ஆறு முறை. ஆறு முறையும் ஒரே செயற்கூறு, அதே நான்கு கட்டளைகளுக்குள். ஒரு பழைய கார்டுக்கான டிரைவர், குறிப்பிட்ட ஒரு போர்ட் முகவரியை (சிபியூ கருவிகளோடு பேசும் முகவரி, சீரியல் போர்ட் அல்ல) படித்து, கார்டு வேலையாக இருக்கிறது என்ற பிட் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அணையும்வரை சுற்று. கால வரம்பு இல்லை.

படித்த மதிப்பை ரெஜிஸ்டரில் பார்த்தேன்: 255. எட்டு பிட்டும் 1. அந்த மெஷினில் அப்படியொரு கார்டே கிடையாது. யாரும் இல்லாத போர்ட்டைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் வரும். அதில் ஒரு பிட்டை டிரைவர், கார்டு இன்னும் வேலையாக இருக்கிறது என்று புரிந்துகொண்டது. என் தவறான எண்ணால் கேஜிடிபி ஆளில்லாத இடத்தில் காத்திருந்ததுபோல, இதுவும்.

லூப்பில் ஒரு கால வரம்பைச் சேர்த்து, கெர்னலைக் கட்டி, மறுபடி பூட் செய்தேன். அந்த இடத்தில் கார்டு கிடைக்கவில்லை என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் கெர்னல் வட்டுகளைத் தேடத் தொடங்கியிருந்தது.