காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டீசல் கார்

"அண்ணாச்சி, கார் பகல்ல ஒரே செல்ஃப்ல எடுத்துருது. காலைல அஞ்சரை மணிக்கு எடுத்தா பத்து பதினஞ்சு தடவை முனகுது, வெள்ளைப் புகையா தள்ளுது, அப்புறம் குலுங்கிக்கிட்டே எந்திரிக்கு. பேட்டரி புதுசு. மெக்கானிக் டீசல் பம்பை இறக்கணுங்கார். அத்தை திருஷ்டிங்காவ. யார் சொல்லுதத கேக்க?"

கடையம் பக்கமிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி. இருபது வருஷம் ஓடிய டீசல் கார், 1400 சிசி சொச்சம், காமன் ரயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலைப் பெரிய அழுத்தத்தில் வைத்துப் பீச்சும் முறை) வருவதற்கு முந்தைய வகை. எந்தக் கம்பெனி வண்டி என்பதை விட்டுவிடலாம், அந்தக் காலத்து டீசல் கார்கள் பெரும்பாலும் ஒரே ஜாதகம்தான். அவர் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: பகலில் எடுக்கிறது, காலையில் எடுக்கவில்லை, புகை வெள்ளை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்போதைக்குப் பம்பில் கை வைக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். டீசலில் பொறி கிடையாது. வெறும் காற்றை உள்ளே இழுத்து, நசுக்கி, அந்தச் சூட்டுக்குள் டீசலைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியது இதைத்தான். சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும் இல்லையா, அதே சங்கதி. பொறி இல்லாததால் இந்த இன்ஜினை நிறுத்துவதற்குக்கூட டீசலைத்தான் மறிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குப் பேட்டரி தயவு அநேகமாகத் தேவையே இல்லை.

இப்போது கணக்கு. 1998-ல் வந்த டாடா இண்டிகாவின் 1405 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 75 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 79.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 350 சிசி சொச்சம். இந்த வகை இன்ஜின்களின் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது காற்றை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு, 22, 23 என்று இருக்கும், பழைய அம்பாசடர் டீசலின் 1489 சிசி இன்ஜினும் இதே கூட்டம்தான். 22 என்று வைத்தால், ஒரு பெரிய டம்ளர் காற்றை மூன்றரை டீஸ்பூன் இடத்துக்குள் திணிக்கிறோம். சூடு வெளியே கசியாமல் நசுக்கினால் வெப்பநிலை 22-ன் 0.4 அடுக்கு மடங்கு, அதாவது சுமார் 3.44 மடங்கு ஏறும். கெல்வினில் கணக்குப் போட வேண்டும், அதை மறந்துவிடக் கூடாது. மத்தியானம் 35 டிகிரி காற்று உள்ளே போனால் 786 டிகிரி. காலையில் 20 டிகிரி காற்று போனால் 735. வெளியே 15 டிகிரி குறைந்தது உள்ளே 51 டிகிரியாகப் பெருகிவிடுகிறது.

ஆனாலும் டீசல் தானே பற்ற 250 டிகிரி பக்கம் இருந்தாலே போதும் என்கிறார்களே, 735 இருக்கும்போது என்ன கேடு? சூடு கசியாது என்று நாம் வைத்துக்கொண்டதில்தான் கேடு. 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு நசுக்கு 0.015 விநாடியில் முடிந்துவிடும், சூடு தப்பிக்க நேரமில்லை. செல்ஃப் மோட்டார் சுற்றுவதோ 200 ஆர்பிஎம் பக்கம்தான். ஒரு நசுக்குக்கு 0.15 விநாடி. பத்து மடங்கு நேரம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சும், தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் காற்றும் நழுவும். அந்த 0.4 என்ற அடுக்கு 0.2 ஆகச் சரிந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 735 இருந்த இடத்தில் 270 டிகிரிதான் மிஞ்சும். விளிம்பில் நிற்கிறது. ஒரு சிலிண்டர் பற்றும், பக்கத்துச் சிலிண்டர் பற்றாது. பற்றாத டீசல் பொடித் துளிகளாக சைலன்சர் வழியே வந்து கண்ணைக் கரிக்கும். தம்பி பார்த்த வெள்ளைப் புகை அதுதான்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழைய கார் இன்ஜின்களில் டீசலை நேராக பிஸ்டன் தலையில் பீச்ச மாட்டார்கள். சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டுக்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன உருண்டைக் குழி உண்டு, மலை நெல்லிக்காய் ஒன்று உட்காரும் அளவு. அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே குறுகலான ஒரு வாய், நேராக இல்லாமல் குழியின் ஓரத்தைத் தொட்டபடி சாய்வாக வெட்டியிருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அந்த வாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே பாயும். ஓரமாகப் பாய்வதால் சுழலும். வாளியில் ஓஸ் பைப்பை நட்டநடுவில் பிடித்தால் தண்ணீர் சும்மா தளும்பும், ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால் கரகரவென்று சுற்றும், செய்து பார்த்திருப்பீர்கள். இங்கே அதே சுற்று, கிராங்க் சுற்றுவதைப்போலப் பல மடங்கு வேகத்தில். அந்தச் சூறாவளிக்குள் நாசில் என்கிற பீச்சுமுனை டீசலைப் பீச்சுகிறது. காற்றே ஓடி ஓடி டீசலைக் கலக்கிக்கொள்வதால் பீச்சுவதற்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை, 120, 150 பாரில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) நாசில் திறந்தால் போதும். 1997-ல் கார்களுக்கு வந்த காமன் ரயிலுக்கு இதே வேலைக்கு 1350 பார் வேண்டியிருந்தது.

பற்றிய பிறகு நடப்பது இன்னும் அழகு. குற்றாலம் பேரருவியில் தண்ணீர் மேலேயிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை, நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து, அங்கே கொதித்துப் புரண்டு, அப்புறம்தான் வழிந்து கீழே வருகிறது. வேகமெல்லாம் அந்தக் குழியில் அடங்கிப்போவதால்தான் நாம் கீழே நின்று குளிக்க முடிகிறது. இங்கும் முதல் வெடிப்பின் முரட்டுத்தனம் அந்த நெல்லிக்காய்க் குழிக்குள்ளேயே அடங்கி, பாதி எரிந்த வாயு வாய் வழியாகப் பொங்கி வந்து பிஸ்டன் தலையில் மீதியை எரித்து முடிக்கும். லாரி மாதிரி தடதடக்காமல் ஒரு டீசல் காருக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டு போக முடிந்ததே இந்தக் குழியால்தான். இங்கிலாந்துக்காரர் ஹாரி ரிக்கார்டோ 1930களின் தொடக்கத்தில் 'காமெட்' என்று பெயர் வைத்து இதை லண்டன் பஸ்களுக்குக் கொண்டுவந்தார். ஒரு மனிதர் கம்ப்யூட்டர் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத காற்று எப்படிச் சுற்றும் என்று மனக்கண்ணில் பார்த்திருக்கிறாரே, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. குழி, வாய் என்று இரும்புப் பரப்பு கூடிவிட்டதால் சூடும் கூடுதலாகக் களவு போகிறது. ஓடும்போது அது டீசல் செலவாகத் தெரியும், காலையில் ஸ்டார்ட் ஆகாததாகத் தெரியும். அதற்காக வைத்ததுதான் ஹீட்டர் பிளக். பென்சில் கனத்தில், நுனி மட்டும் குழிக்குள் எட்டிப்பார்க்கும்படி, சிலிண்டருக்கு ஒன்று. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் மஞ்சளாகச் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியுமே, அப்போது அந்த நுனி சில விநாடிகளில் 800 டிகிரிக்கு மேல் பழுத்துவிடும். பீச்சிய டீசலின் ஓரம் அதில் உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். ஆனால் டேஷ்போர்டு விளக்கு எரிவதால் பிளக்கும் வேலை செய்கிறது என்று நம்பிவிடாதீர்கள், பழைய வண்டிகளில் இரண்டுக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது.

சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். நாலு பிளக்கின் தலையையும் இணைத்து ஒரு உலோகப் பட்டி ஓடும், அதைக் கழற்றுங்கள். கழற்றாமல் பார்த்தால் செத்த பிளக்கும் உயிரோடிருப்பதாகவே காட்டும், ஏனென்றால் பக்கத்துப் பிளக் வழியாகக் கரண்ட் போய்விடும். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அது போய்விட்டது.

புகையே வராமல் முனகினால் கதை வேறு. டீசலே போகவில்லை என்று அர்த்தம். டாங்கி கீழே, பம்ப் மேலே. நடுவிலுள்ள ஓஸ் எங்காவது விரிந்திருந்தால் ராத்திரி நின்றபடியே காற்றை வாங்கிக்கொண்டு டீசல் டாங்கிக்குத் திரும்பிவிடும். உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, அதனால் எல்லாரும் பம்பைத்தான் சந்தேகப்படுவார்கள். பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூப்பைச் சொருகிப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஓஸ் மாதிரியே பழைய பம்புகளின் ரப்பர் சீலும் கசியலாம், அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு டீசலில் கந்தகம் நிறைய இருந்தது. பிஎஸ் என்கிற அரசின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில், பிஎஸ் 3-ல் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), பிஎஸ் 4-ல் 50, 2020 ஏப்ரலிலிருந்து 10. காற்றுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கந்தகத்தை எடுக்கும் அதே சுத்திகரிப்பில் டீசலின் வழவழப்பும் போகிறது, பழைய ரப்பர் சுருங்கவும் செய்கிறது. டீசலையே ஆயிலாக நம்பி ஓடும் பம்புக்கு இது சோதனை. வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர நிறுவனங்கள் மருந்து கலக்கின்றன. நூற்றுக்கு இரண்டு பங்கு பயோடீசல், அதாவது விதை எண்ணெயிலிருந்து செய்யும் டீசல், கலந்தாலும் அந்த வேலை நடக்கும். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2009-ல் மத்திய அரசின் கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, காட்டாமணக்கு நடச் சொல்லி ஊரெல்லாம் பேசினார்கள், கடைசியில் நாடு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நம்மூர் ரோட்டோரப் புங்க மரங்கள் வருஷா வருஷம் விதையைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே செடியில் பணத்தைக் கொட்டுவதற்குப் பதில், நாலு பாலிடெக்னிக்குக்கு ஒரு பழைய இன்ஜினும் கொஞ்சம் நிதியும் கொடுத்திருந்தால் பையன்கள் எத்தனை எண்ணெயைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள்!

திருஷ்டி விஷயம். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, அத்தை மனசும் குளிரும். எனக்குக் கோபம் வருவது டீசல் ஓஸில் காந்தத்தை மாட்டினால் மைலேஜ் கூடும் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அதன்மேல்தான். டீசல் காந்தத்துக்கு இழுபடும் பொருளே இல்லை. எலுமிச்சையைப் பார்த்துச் சிரிக்கிற படித்த ஆட்கள்தான் அதை வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னும் சிலதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு படிந்து சூடேறினால் இந்த வகை ஹெட்டில் அந்தக் குழியை ஒட்டித்தான் முதலில் விரிசல் விடும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள், இவ்வளவு நெருக்கி நசுக்கும் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே விலகிக்கொள்ள இடமில்லை. அப்புறம், துணியைக் கொளுத்தி ஏர் ஃபில்டர் வாயில் காட்டும் வைத்தியம் வேலை செய்யும்தான், ஆனால் கரியும் உள்ளே போகும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம், ஹீட்டர் பிளக் பழுத்திருக்கும் இன்ஜினில் அது கண்ட இடத்தில் வெடிக்கும்.

தம்பி நேற்று பதில் போட்டிருந்தார். நாலு பிளக்கில் இரண்டுக்குத்தான் பல்பு எரிந்ததாம். நாலையும் மாற்றிவிட்டார், இப்போது இரண்டாவது சுற்றிலேயே எடுக்கிறதாம். எடுத்ததும் ஒரு பத்து விநாடி குலுக்கல் மட்டும் பாக்கி என்கிறார். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புசுபுசுவென்று காற்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.