பெஸ்: குலதெய்வம் அல்ல, இல்லுறை கடவுள்

எகிப்தைப் பற்றிய ஆவணப்படம் எதற்குத் தமிழ்க் குரல் கொடுத்தாலும், தாடியும் துருத்திய நாக்குமாக அந்தக் குள்ள உருவம் வந்ததும் "எகிப்தியரின் குலதெய்வம் பெஸ்" என்கிறார்கள். போன வாரம் மறுபடி கேட்டேன். பொறுக்கவில்லை.

பெயரின் வேரைக் காத்தலைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு. குறைமாதக் குழந்தையைக் குறிக்கும் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நடு இராச்சியக் காலத்து நீர்யானைத் தந்த மந்திரக் கோல்களில் இதே சாயல் உருவத்துக்கு 'அஹா', அதாவது போராளி, என்று பெயர். வேர் அவ்வளவுதான்.

என் சண்டை குலதெய்வத்தோடு. குலதெய்வம் என்றால் பங்காளிகள் கும்பிடுவது, தகப்பன் வழியில் வருவது. பூர்வீக ஊரில் கோயில் இருக்கும். பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான். பெஸ்ஸுக்கு இதில் எது பொருந்துகிறது? அவர் எந்த வம்சத்துக்கும் சொந்தமில்லை. அரசர் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் குடியிருந்த தெய்ர் எல்-மதீனாவில், வீட்டு முன்னறையிலேயே அவரைத் தீட்டியிருக்கிறார்கள். கட்டில், தலைக்கட்டை, கண்ணாடிப் பிடி, மைச்சிமிழ் எல்லாவற்றிலும் அவர்தான். பிள்ளை பெறுபவளையும் தூங்குபவரையும் பாம்பும் கெட்ட ஆவியும் அண்டாமல் விரட்டத்தான் அந்தக் கோர முகம். மற்றக் கடவுளரைப் பக்கவாட்டில் வரைந்தவர்கள் இவரைப் பெரும்பாலும் நேர்முகமாகவே வரைந்தார்கள். சூரியவட்டக் கடவுளான அத்தெனைத் தவிர வேறு தெய்வம் வேண்டாம் என்ற மன்னன் அக்கெனாத்தனின் தலைநகர் அமர்னாவிலும் பெஸ் தாயத்துகள் கிடைத்திருக்கின்றன.

'காவல் தெய்வம்' கொஞ்சம் தேவலை. ஆனால் அதைக் கேட்டதும் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமிதான் கண்முன் வருகிறார். பெஸ் நிற்பது கட்டிலோரம். 'வீட்டுச்சாமி' என்றாலோ, வாழாமல் செத்த கன்னிப்பெண்ணுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது நினைவுக்கு வரும்.

"இல்லுறை கடவுட்கு ஓக்குதும் பலியே" என்கிறது அகநானூறு. இல்லத்தில் உறையும் கடவுள். குலமும் இல்லை, எல்லையும் இல்லை. இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை. பழைய வாடை அடிக்கிறதென்றால் 'இல்லுறை தெய்வம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்' உறுத்துகிறதென்று 'பெசு' என எழுதும் தனித்தமிழ் அன்பர்களும் அடுத்த சொல்லிலேயே 'குலதெய்வம்' என்கிறார்கள். அது மட்டும் உறுத்தவில்லை போலும்.

அதே படத்தில், கருவுற்ற நீர்யானை வடிவில் வரும் எகிப்தியப் பெண் தெய்வம் தவெரெத்தைப் பேச்சியம்மன் ஆக்கிவிட்டார்கள். போகட்டும், அவளாவது பிரசவம் பார்க்கிறவள்.