‘ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி’: அம்பியின் நோய்க்குத் தமிழில் என்ன பெயர்?

‘அந்நியன்’ (2005) படத்தில் அம்பிக்கு என்ன நோய் என்று கேட்டால் பலரும் ‘ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி’ என்பார்கள். சிலர் ‘மனச்சிதைவு’ என்பார்கள். முதலாவது பேச்சு வழக்கு. எந்த மருத்துவரும் நோய்க்குறிப்பில் அப்படி எழுதமாட்டார். இரண்டாவது முழுத் தவறு.

மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியா. 1908-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர் உண்டாக்கிய பெயர் அது. கிரேக்கத்தில் ‘ஸ்கிசெய்ன்’ என்றால் பிளத்தல், ‘ஃப்ரென்’ என்றால் மனம். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஓர் உடம்பில் இரண்டு பேர் குடியிருப்பதை அல்ல. குழப்பம் முழுவதும் இந்தப் ‘பிளவு’ என்ற சொல்லால் வந்தது. ஜப்பானில் ‘மனப்பிளவு நோய்’ என்றே பொருள்படும் பழைய பெயரை 2002-இல் மாற்றியே விட்டார்கள்.

மனச்சிதைவில் காதில் குரல் கேட்கும், யாரோ சதி செய்வதாக நம்பிக்கை வரும். மாத்திரை நன்றாகவே உதவும். அம்பியின் கதை அதுவல்ல. அந்நியன் என்ற இன்னோர் ஆளாக மாறிச் செய்த கொலைகள் எதுவும் அம்பிக்கு நினைவில் இல்லை. நோயறிவதற்கு இந்த நினைவு இடைவெளிதான் முக்கியம். அம்பியின் நோய்க்கு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு தந்த பெயர் ‘மல்டிபிள் பெர்சனாலிட்டி’. 1994-இல் அதையே ‘டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்’ என்று மாற்றினார்கள். உள்ளே பல ஆட்கள் இல்லை, ஒரே ஆளின் அடையாளம் ஒன்றுசேராமல் கிடக்கிறது என்பதுதான் மாற்றத்தின் உட்கருத்து.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பன்முக ஆளுமை’ என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கவிஞர், நடிகர், ஓவியர் என எல்லாமாக இருப்பவரை மேடையில் ‘பன்முக ஆளுமை’ என்றுதானே பாராட்டுகிறோம்? பெர்சனாலிட்டியின் வேர் ‘பெர்சோனா’, நாடக முகமூடி. ஆளுமையின் வேரோ ‘ஆள்’ என்ற வினை. ஆளுகிறவருக்குரிய மதிப்பு அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. தன்னையே ஆள முடியாமல் தவிப்பவரின் நோய்க்கு அதை வைப்பது கொடுமை. ‘அடையாளப் பிளவுக் கோளாறு’ என்பதே என் தேர்வு. மனம் பிளக்கவில்லை, ‘நான்’ என்ற அடையாளம்தான் பிளந்திருக்கிறது என்பதைச் சொல் தானே சொல்லிவிடும்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் சிறுவயதுக் கொடுமைகளே பின்னணி. அதுவும் ஒருமுறை நடந்ததல்ல, திரும்பத் திரும்ப நடந்தது. படத்தில் மின்சாரம் தாக்கித் தங்கை சாவதைச் சிறுவன் பார்க்கிறான். அதிர்ச்சிதான், ஆனால் அந்த ஒன்றை வைத்து மட்டும் நோயை விளக்குவது கடினம். காதல் தோல்வியில் வளர்ந்த மனிதனிடம் ரெமோ என்ற மூன்றாவது ஆள் புதிதாக முளைப்பது இன்னும் கடினம். கொலைகள்? இந்த நோய் உள்ளவர்கள் பிறரைவிடத் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம். அதைப் படம் சொல்லாமல் விட்டதில் எனக்கு உண்மையான வருத்தம்.

அப்புறம் சிகிச்சை. படத்தில் ஹிப்னாடிஸ நாற்காலியில் உட்கார்ந்ததும் கதை வெளியே கொட்டிவிடுகிறது. நிஜத்தில் இது பல ஆண்டுப் பேச்சு சிகிச்சை. முதலில் அன்றாட வாழ்க்கையைப் பாதுகாப்பாக நிலைப்படுத்த வேண்டும். பழைய காயத்தைத் தொடுவது அதன் பிறகுதான். இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மாத்திரை. கடைசிக் கட்டம் ‘இன்டகிரேஷன்’, ஒருங்கிணைதல். அந்நியனை விரட்டுவது அங்கே நோக்கமல்ல. அந்தக் கோபமும் தன்னுடையதுதான் என்று அம்பி ஏற்றுக்கொள்ளும் இடம் அது.